ஷாரோனிடம் காட்டாத நோட்டு

ஜூன் 9, திங்கள்

தினமும் வலி எவ்வளவு என்று பத்துக்கு ஒரு எண் எழுதி வரச் சொல்லியிருக்கிறாள் ஷாரோன். தென்காசியில் எனக்கு இடுப்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபி பிள்ளை. அவளிடம் காட்டும் நோட்டில் இன்று நான்கு போட்டேன். இது வேறு நோட்டு. இதில் எட்டு.

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்ட்டில் லாரி வரிசை. முக்கால் மணி நேரம் கிளட்ச், பிரேக், கிளட்ச், பிரேக். வலது பிட்டத்தில் பிடித்த இழுப்பு கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று இறங்கியது. வேனில் பின்னால் இருபத்து மூன்று பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டை பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கோணிக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. வேன் ஆயா ஞானபாக்கியம் மட்டும் பார்த்தாள்.

ஜூன் 11, புதன்

ஸ்கேன் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்பின் அடியில் கடைசி டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமுக்குகிறதாம். "பயப்படாதீங்க. இது நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாயிரும். படுத்தே கெடக்காதீங்க, மெதுவா நடங்க. பாரம் தூக்காதீங்க. ஆறு வாரம் வண்டி வேண்டாம்."

ஆறு வாரமா!

மூன்று விஷயம் விரல் விட்டுச் சொன்னார். கால் பலம் குறைந்தால், ஒன்னுக்கு வராமல் நின்றுபோனால், உட்காருகிற இடம் மரத்துப்போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணுமாம். தலையாட்டினேன். என் மண்டைக்குள் ஆறு வாரம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி மேலாளர் பெஞ்சமின் சாரிடம் போன வருஷம் ஒருவன் பத்து நாள் லீவு கேட்டான். பதினோராவது நாள் அவன் சீட்டில் வேறு ஆள். ஐம்பத்தொரு வயசுக்காரனை இனி எவன் வண்டியில் ஏற்றுவான்?

வீட்டுக்காரி உமாதேவி கேட்டாள், "டாக்டரு என்ன சொன்னாவ?" வாயுப் பிடிப்பு என்றேன். ஸ்கேன் படம் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஓட்டினேன். ஒன்பது.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாளாக நல்ல சாரல். இந்த ஊரில் இடுப்பு பிடித்தவன் ஆஸ்பத்திரிக்கா போவான்? அருவிக்குத்தான் போவான். எங்கப்பா போனார், நானும் போனேன்.

பழைய குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற இசக்கிமணியைப் பிடித்தேன். டிஸ்க் என்று சொன்னதும் சிரித்தான். "டிஸ்க்காவது கிஸ்க்காவது! ஏறி மிதிச்சு எடுத்துருதேன் அண்ணாச்சி, சும்மா படும்." படுத்தேன். முட்டியை ஊன்றி, அப்புறம் இரண்டு காலாலும் ஏறி நின்றான். உள்ளே என்னவோ நழுவியது போல் இருந்தது. அய்யோ என்று கத்தினேன். "அதாம்! எடுத்தாச்சு!" என்றான்.

அப்படியே அருவிக்கு முதுகைக் கொடுத்தேன். கல் விழுகிற மாதிரி அரை மணி நேரம் இடுப்பில் தண்ணீர். வெளியே வந்தால் வலி இல்லை. சத்தியமாக இல்லை! பார்டர் கடையில் புரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உமாதேவி, "என்ன, மாப்பிள்ளை கணக்கா வாரீய?" என்றாள்.

இரண்டு நோட்டிலும் பூஜ்யம் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பூஜ்யம்தான். பாதம் மட்டும் தடிமனான சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது.

பள்ளி வாசலில் ஞானபாக்கியம் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஒங்க ஒத்தச் செருப்பு படிக்கிட்ட கெடக்கு. கழண்டது தெரியலையாக்கும்?" தெரியவில்லை. வெறுங்காலோடு பத்தடி நடந்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியிருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

புளியறை வளைவில் முன்னால் வாழைக்குலை லாரி. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். கால் பெடல் மேல் சும்மா கிடக்கிறது. வேன் போய்க்கொண்டே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு சாண். பிள்ளைகள் குலுங்கி விழுந்து, "மாமா, இன்னொருக்கா!" என்று சிரித்தார்கள். ஞானபாக்கியம் சிரிக்கவில்லை. மடியில் ஒரு எல்கேஜி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

எப்படியோ ஊர்ந்து கொண்டுபோய் இறக்கினேன். சாயங்காலம் கண்டக்டர் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிற ஒருவனை ஓட்டச் சொல்லி, தலைவலி என்று வந்துவிட்டேன் — அவனுக்கு வேன் ஓட்டத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய பாவி நான்?

காலையிலிருந்து ஒன்னுக்கு வரவில்லை. வயிறு கல்லாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியவில்லை. டாக்டரம்மாவின் மூன்று விரலும் கண் முன்னால் நிற்கிறது. போனால் வேலை போச்சு. விடிந்துவிட்டால் சரியாகிவிடுமோ? நாளை ஒரு நாள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா?

ஒரு சாண்.

ஜூன் 18, புதன்

காலை ஐந்தரைக்கு பெஞ்சமின் சாருக்குப் போன் பண்ணினேன். "நான் இனி வண்டி எடுக்க மாட்டேன் சார். என் காலு எனக்கு இல்ல. இன்னைக்கு ஒழுங்கா லைசென்ஸ் உள்ள ஆளாப் போடுங்க." என்னிடம் இருந்த மாற்றுச் சாவியை ஞானபாக்கியத்தை வரச்சொல்லிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உமாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவை நகர்த்திப் படத்தை எடுத்தாள். "எங்கிட்ட சொன்னா நான் என்ன செத்தா போயிருவேன்? பீடி சுத்தியாவது ஒங்களுக்குக் கஞ்சி ஊத்த மாட்டேனா? பாவி மனுசா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்துவிட்டது.

ஜூலை 2, புதன்

அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். ஒன்னுக்குக் குழாயை நேற்று எடுத்தார்கள். தானாக வந்தது. பாத்ரூமில் நின்று சாமி கும்பிட்டேன்.

சர்ஜன் சொன்னார், "அருவியில வலி போனது குணம் இல்ல. நரம்பு செத்துக்கிட்டு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமையே வந்திருந்தா..." என் பாதத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால்? "நரம்பு மெதுவாத்தான் வளரும். பாப்போம்."

ஆகஸ்ட் 25, திங்கள்

இந்த நோட்டையும் போன வாரம் ஷாரோனிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். திட்டவில்லை. "இனிமே ஒரே நோட்டு போதும் அங்கிள்" என்றாள்.

காலையில் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. வேறு டிரைவர். ஹாரனை நீட்டி அடிக்கிறான். ஜன்னல் வழியாக ஞானபாக்கியம் கை காட்டினாள்.

ஷாரோன் சொன்ன பயிற்சிக்காக உமாதேவி கீழே உட்கார்ந்து என் வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வாங்கினாள். பிரேக் மாதிரி அவள் கையைத் தள்ள வேண்டும். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினேன். வேர்த்துக் கொட்டியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்... ஆரம்பிங்க, அமுக்குங்க" என்றாள்.

வலி: பூஜ்யம்.