அந்தத் திருகாணியை மாற்ற வேண்டாம்

அன்பு மகளே,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் இருமல் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய், போனில் கேட்ட குரல் அப்படிச் சொல்லவில்லை, டாக்டரைப் பார். அப்பாவின் முழங்கால் படியைக் கண்டால் வலிக்கிறது, சீட்டுக்கட்டைக் கண்டால் வலிப்பதில்லை.

தாத்தாவின் பழைய கைத்துப்பாக்கி உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நான் கீழே போட்டு உடைத்ததாக நம் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் உன் மாமா நடித்துக் காட்டுவாரே, அதுதான். அதற்குப் பிறகு தாத்தா சாகும்வரை என் கையில் ஒரு கண்ணாடி டம்ளர்கூடக் கொடுத்ததில்லை. பாகம் பிரித்தபோதும் உன் மாமா, "உடைச்சவளே வச்சுக்கட்டும்" என்று என் பக்கம் தள்ளினார். இருபத்துநான்கு வருடமாகக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளோடு இருக்கிறேன். ஒன்றும் உடைந்ததில்லை என்று சொல்லமாட்டேன், மற்றவர்களைவிடக் குறைவு. போன மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தில் 'இயங்குகிறதா' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. பழுது பார்க்கிறவர் யார் என்று கேட்க கலெக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "குதிரை ரொம்பப் பழசு, நிக்கவே மாட்டேங்குது" என்றேன். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் கால்நடை மருத்துவருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டாள். அவர் வயது கேட்டார். நூற்று முப்பது இருக்கும் என்றேன். குதிரைக்கா என்று இரண்டு தடவை கேட்டார். நான் சொன்னது துப்பாக்கியில் பின்னால் இழுத்து நிறுத்தும் குதிரை என்று விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஆளைக் காட்டியதும் அவர்தான், மிருகங்களுக்கு மயக்க ஊசி போடும் அவருடைய துப்பாக்கியைச் சரிசெய்கிறவராம்.

சைக்கிள் கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை. ரிப்பேர்காரருக்குக் காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கும்படிப் பேசுகிறார். பக்கத்தகட்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்து, "இது விழுந்து கெட்டதில்லம்மா, எவனோ பிரிச்சு மேய்ஞ்சிருக்கான்" என்றார். உள்ளே ஸ்பிரிங் தலைகீழாக மாட்டியிருந்தது. திருகாணியின் தலை சிதைந்திருந்தது. "சமையல்கட்டுக் கத்தியால திருகுன வேலை. கீழ போட்டா குழி விழும், இப்படித் தேயாது" என்றார். எனக்குத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றே அப்போது தெரியாது. அந்த வீட்டில் கடிகாரம், ரேடியோ எதையும் பிரிக்காமல் விடாத பதினைந்து வயது ஆள் ஒருவர்தான், உன் மாமா. நான் கீழே போட்டது உண்மை. போடும்போதே அது கெட்டுப்போயிருந்தது. எதையும் சட்டென்று நம்பாத நான் இதை மட்டும் நாற்பத்தைந்து வருடம் நம்பியிருக்கிறேன், அதுதான் எரிகிறது.

உன் மாமாவிடம் போனில் சொன்னேன். முதலில் இருமினார். பிறகு, "அப்ப பயத்துல சொல்லாம விட்டுட்டேன், சின்ன வயசு விஷயம், விடேன்" என்றார். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடும்போது நடித்துக் காட்டிய அதே வாயால் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள், போதும் என்றேன். "பேரப்பிள்ளைங்க முன்னாடி மானத்த வாங்காதே" என்கிறார். அப்படியானால் என் மானம் என்ன, பொரி கடலையா? அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். உன் அப்பா, "வேண்டாம், அண்ணன் தங்கச்சி உறவு கெட்டுடும்" என்கிறார். ஒரு பொய்யைச் சுமந்து நிற்கிற உறவென்றால் கொஞ்சம் ஆடட்டும். ரிப்பேர்காரரிடம் ஸ்பிரிங்கை நேராக மாட்டுங்கள், தகட்டைத் துடையுங்கள், அந்தத் திருகாணியை மட்டும் மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "பார்க்க அசிங்கமா இருக்குமேம்மா" என்றார். இருக்கட்டும் என்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்பளி போட்டுக்கொண்டு வெளியே போ. எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒன்று மறக்காதே: அம்மாவைச் சமாதானப்படுத்து என்று மாமா உன்னைக் கூப்பிடுவார். அன்பாகப் பேசு, உடம்பை விசாரி. சமாதானம் மட்டும் பேசாதே.

உன் அம்மா