சுனாமிக் கல்லில் என் பெயர்

அண்ணனுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை.

சுனாமிக்கு மறுநாள் மரக்காணத்திலிருந்து போன் செய்து, நானும் அவரும் உப்பளத்து மேட்டில் ஏறித் தப்பித்ததைச் சொன்னேன். "அழுவாதம்மா, அம்மாகிட்ட நான் சொல்லிட்றேன்" என்றாய். அதன்பிறகும் அம்மா வரவில்லை. வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்ட கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து ஒன்றரை வருடம் அழுதேன்.

நேற்று நம் ஊருக்கு வந்தேன். வீட்டுப் படியேறத் துணிவில்லாமல் நம் சர்ச்சுக்குள் போய் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்தப் பழைய சுவரில், துரைமார்களின் கல்வெட்டுகளுக்குக் கீழே, சுனாமியில் இறந்தவர்களுக்காகப் புதிதாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதில் என் பெயர் இருந்தது.

நான் அந்தப் பெயரில் விரல் வைத்து நின்றதைப் பார்த்து, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண், "உங்களுக்குச் சொந்தமா? அவங்க அண்ணன்தான் பேர் குடுத்தாரு. பாவம், அவங்கம்மா வாராவாரம் இந்தக் கல்லத் தடவித் தடவி அழுவுறாங்க" என்றாள்.

என்னைச் சாகடித்தது போகட்டும். பெற்றவளை ஏன் அழவிட்டாய்?

வரும் ஞாயிறு ஆராதனைக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்காருவேன். திடீரென்று பார்த்தால் அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது. அதற்குள் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் தங்கை