சாம்பல் துரையின் கைகள்

ஜூலை 20, ஞாயிறு

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடை மாடியில் காமிக்ஸ் ரசிகர்கள் இருபது பேர் கூடியிருந்தோம். சாம்பல் துரை என்ற வில்லன் வரும் கதைகளில் எது சிறந்தது என்று காலை முழுக்கப் பேச்சு. கடைசியில் எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே புத்தகம் அது. வழக்கமாக வரைபவர் காய்ச்சலில் படுத்ததால் எனக்குக் கிடைத்த வேலை. என் பெயர்கூட அதில் கிடையாது.

கணேஷ் என்ற ஐ.டி. பையன் பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். "பாருங்க சார், இந்த புக்ல மட்டும் துரை கையை வெளியவே எடுக்க மாட்டான். கோட் பாக்கெட்லயே வெச்சிருப்பான். உள்ள என்ன இருக்கோன்னு நமக்குப் பயம். வரைஞ்சவரு சக்கத் ஆளு, செம ஆளு சார்."

எனக்கு அப்போது கை வரைய வராது. அதனால் ஒளித்தேன். அவ்வளவுதான்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"செத்திருப்பாரு. அப்புறம் ஒரு புக்கும் வரலையே," என்றான் கணேஷ். "ஆனா கையை வரைஞ்சிருந்தா எல்லாம் கெட்டிருக்கும்."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு காபியைக் குடித்தேன்.

அந்தக் குறை உறுத்தித்தான் பதினோரு வருஷம் தினமும் கை மட்டுமே வரைந்து பழகினேன். மறுபடி யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சனியன் பிடித்த நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கைகள். ஒன்றில்கூடப் பிழை இல்லை.