முந்தின லைன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சட்டை காயவில்லை.

கேமரா எடுக்கும் படத்தைத் திரையில் காட்டும் புரோகிராம். நான் எழுதிய கோடு கம்பைல் ஆகிறது. கிராஃபிக்ஸ் லைப்ரரியோடு லிங்கர் அதை ஒட்டும்போது மட்டும் சிவப்பு எழுத்தில் எரர். அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ், அதாவது கேட்டது கிடைக்கவில்லை என்று, பக்கம் பக்கமாக. லைப்ரரி இருக்கிறது. பாதை சரி. வெர்ஷன் சரி. பிறகு என்ன கேடு?

மேனேஜர் பிரபாகரன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் செவப்பாத்தான் இருக்குதா? வெள்ளிக்கிழம கஸ்டமர் வராங்க. ஓடலைன்னா வேலையப் பெங்களூருக்கே குடுத்துருவேன். நீ மறுபடியும் கேபிள் இழுக்கப் போ."

கேபிளாம்.

பெங்களூரு ஆபீஸ் மஞ்சுநாத்துக்கு போன். லைப்ரரியைக் கட்டிக் கொடுத்த மகான். அரைத் தமிழ், முழுத் திமிர். "மெயின் ஃபைல் இருக்கில்லா குரு, அதுக்கு முந்தின லைன்ல லைப்ரரி போடு. அஷ்டே, அவ்ளோதான்."

லிங்கருக்குக் கொடுக்கும் ஃபைல் பட்டியலின் தலையில் இருந்த லைப்ரரியை மெயினுக்கு நேர் மேலே மாற்றினேன். அதே சிவப்பு.

புதன்

கம்பைலர் மறு இன்ஸ்டால். லைப்ரரி மறுபடி டவுன்லோடு. மத்தியானச் சாம்பார் வெறும் வெந்நீர். தலைவலி.

மஞ்சுநாத்: "நான் சொன்னங்கே போட்டியா?"

"அதே எடத்துல சார்."

"அப்போ உன் மெஷின் சரியில்ல குரு."

இவன் வாயில் மண்.

வியாழன்

மழைக்குப் பயந்து பைக்கை விட்டுவிட்டு கெலமங்கலம் பஸ். தமிழும் கன்னடமுமாய் நெரிசல். பக்கத்தில் நின்ற அம்மா கண்டக்டரைப் பார்த்து, "முந்தின ஸ்டாப்! முந்தின ஸ்டாப்!"

"முந்தின ஸ்டாப் போயிருச்சேம்மா" என்றேன்.

"எங்க போச்சு? இன்னும் வரவே இல்ல. கன்னடத்துல முந்தினன்னா அடுத்தது, தம்பி. நீ எந்த ஊரு?"

சேலம் என்றேன்.

ஆபீஸ் போனதும் லைப்ரரியை மெயினுக்கு அடுத்த வரியில் போட்டேன். ஓடியது. லிங்கர் மேலிருந்து கீழே ஒரே தடவைதான் படிக்கும். லைப்ரரி முதலில் வந்தால், யாரும் கேட்கவில்லையே என்று தள்ளிவிடும். பிறகு மெயின் கேட்கும்போது கை விரிப்பு. எனக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, சரி. அவன் ஒழுங்காகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே.

போன் போட்டேன். "தமிழ்ல முந்தினன்னா முன்னாடி சார்."

"அப்போ தமிழ் தப்பு குரு."

வெள்ளி

கஸ்டமர் பார்த்தார், தலையாட்டினார். வேலை என்னிடமே.

பிரபாகரன்: "போன்ல பேசறதாலதான இந்தக் கொழப்பம்? திங்கக்கிழமைல இருந்து மஞ்சுநாத் இங்கயே வந்து உக்காரட்டும். உம் பக்கத்து சீட்டு காலிதான?"

"இல்லைங்க சார்."

ஹெல்மெட், ரெயின்கோட், பழைய மானிட்டர். எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.