மிளகாய்த்தூளுக்குள் வந்த குளிசை

அன்புள்ள கோகுலன் அண்ணா,

மட்டக்களப்பில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். கடல் கடந்து இங்கே ரெக்ஸ்டேலில் நாங்களும் சுகம் என்று எழுதத்தான் இருந்தேன், ஆனால் அம்மாவின் சுகத்தில் எனக்குச் சந்தேகம். போனில் கதைத்தால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், எனக்கும் வாயால் சொல்ல வராது, அதனால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

அம்மாவின் மூச்சிழுக்கும் முட்டு வருத்தத்துக்கு மாதம் ஒரு ஊசி தொடங்கியபின் டொக்டர் ஸ்டீரொயிட் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சீனி வருத்தத்தைக் கொண்டுவந்ததும் எலும்பை அரித்ததும் அந்தக் குளிசைதான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்பதே இந்த முட்டுக்காகத்தானே. ஊசிக்குப் பிறகு அம்மா மூச்சு வாங்காமல் படி ஏறினார், குளிசையால் உப்பியிருந்த முகமும் ஒடுங்கியது. கோயிலில் மனோரஞ்சிதம் அன்ரி கண்டுவிட்டு, "என்ன பிள்ளை, கொம்மா இப்பிடி வாடிப்போனா? முந்தி என்ன நிறைவா இருந்தவ! நீ ஒண்டும் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த அம்மா, "உந்த ஊசி என்னை உருக்குது" என்றார். நீங்களும் வீடியோவில் கண்டு அழாக்குறையாக நின்றீர்கள்.

பிறகு இரத்தினவேல் அங்கிள் உங்கள் மிளகாய்த்தூளோடு ஊரிலிருந்து வந்தார். அன்றிலிருந்து முகம் திரும்ப உப்புகிறது, சீனி ஏறுகிறது, மிளகாய்த்தூளில் என்னைக் கை வைக்க விடுவதுமில்லை. நேற்று அம்மா குளிக்கப்போன நேரம் திறந்து பார்த்தேன். தூளுக்குள் பொலித்தீன் சுற்றி அதே குளிசை. அம்மா கேட்டாரா, நீங்களாக வைத்தீர்களா?

வேறு குளிசை எடுக்கிறாரா என்று டொக்டர் போன முறை கேட்டபோது அம்மா, "இல்லையெண்டு சொல்லு" என்றார். இங்கிலிஷில் சொல்வது நான்தானே, இல்லை என்றேன். சீனி ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் டொக்டர் மருந்துக் கணக்குப் போடுகிறார். குளிசையை எறிந்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் திடீரென்று நிறுத்தினால் அம்மா மயங்கி விழலாம் என்று டொக்டர் முந்திச் சொன்னது நினைவு வந்து, இருந்தபடியே மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை திரும்பவும் டொக்டரிடம் போகிறோம். இந்த முறை அம்மா என்ன சொல்லச் சொன்னாலும் நான் உள்ளதைச் சொல்வேன். அம்மா என்னோடு கதைக்காமல் விடலாம், விடட்டும். இனி யார் வந்தாலும் வெறும் மிளகாய்த்தூள் மட்டும் அனுப்புங்கள்.

மாமாங்கேஸ்வரர் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். ஒன்றை மறக்க வேண்டாம் அண்ணா. அடுத்த முறை அம்மாவின் முகம் ஒடுங்கித் தெரிந்தால் மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்லாதீர்கள். வடிவாயிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்புகிறார் இல்லை.

உங்கள் தங்கை,
தேனுகா