அம்மாவோட பைண்ட் ஜாடி

வெண்டல்,

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிட்டேன். நாய்க்கு மத்தியானம் மருந்து இரண்டரை மில்லி. மேஜை மேல ஊசியில்லாத சிரிஞ்ச் வச்சிருக்கேன், அதால குடு. உங்க ஊர் பழக்கத்துல ஸ்பூன்ல குத்துமதிப்பா ஊத்தித் தொலைக்காதே.

நேத்து உன் கஸ்டர்ட் ஏன் உறையலன்னு இப்பதான் புரிஞ்சுது. நீ பால் அளந்தது எங்க அம்மாவோட பழைய ஜாடியில. அது பிரிட்டிஷ் பைண்ட், ஐந்நூத்தி அறுபத்தெட்டு மில்லி. உங்க அம்மா செய்முறையில சொன்னது உங்க மிச்சிகன் பைண்ட், நானூத்தி எழுபத்திமூணுதான். பேர் ஒண்ணு, அளவு வேற. கிட்டத்தட்ட நூறு மில்லி பால் கூடிப்போச்சு.

அதுக்குப் போய் "உங்க நாட்டுல எதுக்குமே ஒழுங்கான அளவு கிடையாது"ன்னு நீ கத்தணுமா? "அப்போ எல்லைப் பாலத்தைத் தாண்டி உங்க மிச்சிகனுக்கே போய்ச் சேரு"ன்னு நானும் சொல்லியிருக்கக் கூடாது.

கஸ்டர்டைக் கொட்டாதே, ஃப்ரிட்ஜில இருக்கு. காலையில ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். ருசி நல்லாத்தான் இருக்கு.

லோர்னா

மறந்துட்டேன்: ஜன்னல்ல தேன் குடிக்கிற குருவிக்குத் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணிப் புட்டி காலி. ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. உன் கப்போ என் கப்போ, எதுவானாலும் சரி. ரெண்டையும் ஒரே கப்புல அளந்தாப் போதும்.