ஆம்பலேரிக்குப் போன அவைப்புலவருக்கு

நீர் நிறைக, நிலம் விளைக. மலைகள் மண்டியிட, முக்கடல் நடுங்க, நிலவுக்கே நிழல் தந்த செங்குவளை நாட்டு வேந்தன் அரிமான்வேள், ஆம்பலேரிக் கரையிலுள்ள நம் அவைப்புலவர் குறுங்கூத்தனாருக்கு விடுக்கும் ஓலை.

மேற்படி பட்டங்கள், உம் வேலையை இப்போதைக்குப் பார்த்துவரும் பொற்சுண்ணனார் கட்டியவை. நம் நாட்டுக்குக் கடலே இல்லையே என்றோம். நடுங்கி ஓடிவிட்டது என்றார்.

பாட்டு வராத புலவர் எழுத்தாணியைக் கருவூலத்தில் ஒப்படைத்துக் கைவேலை ஒன்றில் இறங்குவதும், அவரே வந்து கேட்கும்வரை அதை எவரும் திருப்பித் தராதிருப்பதும் நம் முன்னோர் வைத்த வழக்கம். அவ்வண்ணமே நீர் ஏரியைத் தூர்வாரப் போனீர். மழைக்குமுன் வந்துவிடுவீர் என்றிருந்தோம். மழை வந்தது, அடுத்த மழைக்கும் மேகம் கூடிவிட்டது.

நீர் வெட்டிய முதல் வாய்க்கால் மேட்டைப் பார்த்துப் போனதாம். பாட்டுத்தான் வரவில்லை, தண்ணீராவது வருமா புலவரே என்று நாற்று நடும் பெண்கள் கேட்டார்களாம். இப்போதோ கடைசி வயல்வரை தண்ணீர் பாய்கிறதாம். அப்பெண்களே உமக்குக் கூழ் கொண்டுவருகிறார்களாம். நீரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறீராம். ஏரிகாவலர் அனுப்பிய செய்தியை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னோம். இந்த அவையில் நீர் அப்படிச் சிரித்து நெடுங்காலமாயிற்று. எழுத்தாணியைக் கேட்காமலே இருந்துவிடுவீரோ என்று அப்போதுதான் அஞ்சினோம்.

இங்கே நம் கொட்டாவியையும் புகழ்கிறார்கள். நம் மூக்கு பெரிதென்று முகத்துக்கு நேரே பாட ஆளில்லை. பொற்சுண்ணனாரையே நிலையாக அமர்த்தலாம் என்கின்றனர் அமைச்சர்கள். வீரரை அனுப்பி உம்மை இழுத்து வரலாம் என்றார் படைத்தலைவர். இரண்டையும் மறுத்தோம். உம் இருக்கை காலியாகவே இருக்கிறது. பேச்சு நடுவே அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை மறந்துவிடுகிறோம்.

தீர்ப்புச் சொல்ல வாய் திறந்தால் நேற்றைய தீர்ப்பே வருகிறது, கூத்தனாரே. ஆகவே புலவர்க்குரிய அவ்வழக்கப்படியே நாமும் செங்கோலை அரசியாரிடம் ஒப்படைத்தோம். இத்தனை நாள் இதைத் தூக்கத்தானா அவ்வளவு பெருமூச்சு என்று கேட்டார்.

வரும் வளர்பிறையில் ஆம்பலேரிக்கு வருகிறோம். பாட்டுக் கேட்கமாட்டோம். எழுத்தாணியைக் கொண்டுவரவும் மாட்டோம். நம் வாய்க்காலும் மேட்டைப் பார்த்துத்தான் போகும் என்று அப்பெண்களிடம் முன்னதாகவே சொல்லிவைக்க. நமக்கும் ஒரு மண்வெட்டி எடுத்துவைக்க. இது ஆணை, வேண்டுகோள் என்று படித்தாலும் பிழையில்லை.

ஓலையின் அடியில் பட்டங்களுக்கென விட்ட இடத்தை வெறுமையாகவே விட்டு, குவளை முத்திரை இட்டோம்.